பிள்ளையின் சித்திரம் எங்கிருந்து பிறக்கிறது?

ஆண்டு விழாவையொட்டிச் சித்திரப் போட்டி நடத்துவது எமது தமிழ்ப் பள்ளியின் நெடுநாள் வழக்கம். "எமது ஊர்" என்றோ "பொங்கல் திருநாள்" என்றோ தலைப்புக் கொடுப்போம். வந்து சேரும் தாள்களில் பனைமரம் இருக்கும், கோபுரம் இருக்கும், இரு மலைகளுக்கிடையே சூரியன் உதிக்கும். (யாழ்ப்பாணத்தில் மலை ஏது என்று நடுவர்களாகிய நாம் ஒருநாளும் கேட்டதில்லை.) ஏழு வயதுப் பிள்ளையின் தாளிலே கோபுரத்தின் தளங்கள் அளவுகோல் பிடித்தாற்போல் நேராக நிற்கும். அது யாருடைய கை என்பது எமக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் பரிசு அதற்கே போகும். இத்தவறில் பெரும்பங்கு எம்முடையது என்பதை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

சித்திர ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று எம்மவரிடம் கேட்டால் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கும். ஒன்று, அது இரத்தத்தில் ஊறி வருவது. மற்றது, நல்ல வகுப்புக்கு அனுப்பினால் வருவது. இரண்டையும் முற்றாகத் தள்ளிவிட நாம் துணியவில்லை. எனினும் நாம் வாழும் இந்நாட்டிலேயே வளர்ந்த ஒரு பிள்ளையின் கதை வேறொன்றைச் சொல்கிறது.

பேர்ண் நகரை அடுத்த மூன்ஷன்பூக்சே என்னும் ஊரிலே 1879 ஆம் ஆண்டு பிறந்தவர் போல் கிளே. தாயும் தந்தையும் இசை பயின்றவர்கள்; பிள்ளைக்கும் வயலின் கற்பிக்கப்பட்டது. ஆனால் வண்ணச் சோக்கட்டிகளைக் கையில் கொடுத்து வரையப் பழக்கியவர் அம்மம்மா. பிள்ளைக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவர் மறைந்தார். தம்முள்ளிருந்த ஓவியனுக்கு நேர்ந்த இழப்பாகவே கிளே அதனைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அவருடைய நாட்குறிப்பிலே இரு சிறு சம்பவங்கள் உண்டு. மூன்று நான்கு வயதில் அவர் பேய்களை வரைந்தார். வரைந்த பேய்களுக்குத் திடீரென உயிர் வந்துவிட்டதாகத் தோன்றவே, அவை சன்னல் வழியே எட்டிப் பார்த்தன என்று முறையிட்டுக்கொண்டு தாயிடம் ஓடினார். மற்றது, மாமனார் ஒருவரின் உணவுச்சாலையில் நிகழ்ந்தது. அங்கிருந்த மேசைகளின் மேற்பரப்பு பளபளப்பாக்கிய சலவைக்கல். அக்கல்லின் கோடுகளுக்குள் விகாரமான மனித உருவங்களைக் கண்டுபிடித்துப் பென்சிலால் வரைந்தெடுத்தான் ஒன்பது வயதுச் சிறுவன். எமது பெற்றோர்களில் எத்தனை பேர் சிறுவயதில் மழைநீர் ஊறிய சுவர்க்கறையிலே கிழவியின் முகத்தையும், முகிலிலே யானையையும் கண்டிருப்பார்கள்! அதுவேதான் இது. அம்மம்மா கொடுத்த சோக்கட்டி, தன் உள்ளத்து அச்சம், கண்முன்னே கிடந்த கல். வேறெங்கும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

1902 ஆம் ஆண்டு, பெற்றோர் வீட்டிலே தம் சிறுவயதுச் சித்திரங்கள் அவருக்கு மீண்டும் அகப்பட்டன. இத்தாலி சென்று பெரும் ஓவியங்களையெல்லாம் பார்த்துத் திரும்பியிருந்த அந்த இளைஞர், தாம் அதுவரை வரைந்தவற்றுள் அவையே சிறந்தவை எனக் கருதினார். 1911 இல் தமது படைப்புகளுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது சிறுவயதுச் சித்திரங்களில் சிலவற்றையும் அதில் சேர்த்தார். இன்று பேர்ணிலே 2005 இல் திறக்கப்பட்ட அவர் பெயரிலான நிலையத்தில் அவரது படைப்புகள் ஏறத்தாழ 4,000 உள்ளன. பிள்ளைகள் தாமே வரைந்து பார்ப்பதற்கும் அங்கு இடமுண்டு. இன்னொரு செய்தியும் எம்மவர் நெஞ்சைத் தொடும். இந்நாட்டிலே பிறந்திருந்தும், தந்தை ஜேர்மானியர் ஆகையால் கிளேயும் ஜேர்மானியராகவே கணிக்கப்பட்டார். சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த நிலையிலே, அது கிடைக்குமுன் 1940 இல் காலமானார்.

இரத்தத்தில் ஊறியது என்போருக்கு மற்றொன்று கூறுவோம். பல நாட்டுப் பிள்ளைகளின் சித்திரங்களைப் பெருந்தொகையாகச் சேர்த்து ஆராய்ந்த ரோடா கெலொக் என்னும் அமெரிக்க அம்மையார், தொடக்கக் கிறுக்கல்கள் எங்கும் ஒத்திருப்பதைத் தமது 1969 ஆம் ஆண்டு நூலிலே காட்டினார். வட்டம், வட்டத்துக்குள் சிலுவைக்கோடு, கதிர் வீசும் சூரியன் போன்ற உருவம் என்பன நாடு பார்த்து வருவதில்லை. அதன்பின் பிள்ளை தான் கண்டதை மட்டுமன்றித் தான் அறிந்ததையும் வரைகிறது என்பதை 1927 இலேயே லுக்கே என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். வீட்டின் வெளிச்சுவரை வரைந்த பிள்ளை உள்ளே சோறு சமைக்கும் தாயையும் வரையும். "சுவருக்குள்ளால் ஆள் தெரியுமா?" என்று நாம் திருத்துகிறோம். அம்மா உள்ளே நிற்பது பிள்ளைக்குத் தெரியும். அதற்கு அது போதும்.

விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியிலே அகரம் எழுதுவிக்கிறோம். எழுத்து முன்னோர் தந்தது; பிடித்துத்தான் எழுதுவிக்க வேண்டும். அதே பழக்கத்தில் சித்திரத்திலும் கையைப் பிடித்துவிடுகிறோம் என்பதே எமது முறைப்பாடு. இப்போது கைத்தொலைபேசியில் ஒரு படத்தைத் திறந்து வைத்து, "இதைப் பார்த்து வரை" என்றும் சொல்லப் பழகியிருக்கிறோம். பிள்ளை என்ன விளங்கிக்கொள்ளும்? தமிழ்ப் பள்ளி என்பது காணாத ஒன்றைப் பார்த்து எழுதும் இடம், தன் சொந்தக் கண்ணுக்கு அங்கே வேலையில்லை என்றுதானே? பதினான்கு வயதில் அப்பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றுவிடும்போது நாம் வியப்படைகிறோம்.

பனைமரமே வேண்டாமென்று நாம் கூறுவதாக எவரும் கருதவேண்டாம். பனை பிள்ளையிடம் கதையாக வந்து சேரட்டும். இரவிலே பனங்கூடலில் ஓலை சரசரத்தபோது அப்பப்பா அஞ்சி ஓடிய கதையைத் தமிழிலே சொல்லுங்கள். பென்சிலைக் கொடுத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமியின் தாள் எம்மிடம் வந்தது. பனி மூடிய வீதியிலே ட்ராம் வண்டி போகிறது. அதன் கூரைமேல் ஒரு பனைமரம். மரத்தின் உச்சியில், தலை பெரிதாய்க் கால் சிறிதாய் ஒரு கிழவி தொலைபேசியைக் காதில் வைத்தபடி இருக்கிறாள். தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று அதனை ஒதுக்கிவைத்தோம். பரிசு பெறாத தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எம்மிடம் இல்லாமற் போனது நல்லதாயிற்று. அண்மையில் பள்ளி அலுமாரியைத் துப்புரவு செய்தபோது அது அகப்பட்டது. இவ்வாண்டுப் போட்டியைப் பெற்றோர் வெளியே நிற்க, மண்டபத்துக்குள்ளேயே நடத்துகிறோம். தலைப்பு, "காலையில் இங்கு வரும் வழியில்". சிறுமியின் தாளைச் சட்டமிட்டு மண்டப வாயிலில் மாட்டியிருக்கிறோம்.