ஹெரால்டு ஆசையும் பின் சீட்டுப் பிள்ளைகளும்

முன்குறிப்பு: பழைய கார் ரசிகர்கள் கல்லெடுக்க வேண்டாம். எனக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பிடிக்கும்.

குகட்பள்ளியில் நாலு தமிழ்க் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்தால் ஊர்ப் பேச்சு பழைய காரில் வந்து நிற்கிறது. "அந்தக் கால இரும்பு சார்! இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா!" லேட்டஸ்டாக, எங்கள் அபார்ட்மெண்ட் நண்பர் ஒருவர் குடும்பத்துக்கு வாங்க இருந்த புதுக் காரை விட்டுவிட்டு ஹெரால்டு தேடிக் கொண்டிருக்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், முட்டிவலியோடு அம்மா. அதனால்தான் இந்தப் பதிவு.

ஹெரால்டின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1960களில் நம் வண்டலூர்ப் பக்கம் தயாரான கார். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் இதன் அடிச்சட்டத்தை வைத்துப் பிறந்ததுதான். ஸ்பிட்ஃபயரின் குறையும் இதில் உண்டு: வளைவில் வேகமாகத் திரும்பும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கும். பெரும்பாலும் இரண்டே கதவு வேறு. அம்மா பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, குனிந்து, நுழைந்து... வேண்டாம், விடுங்கள்.

சரி, "இரும்பு" விஷயத்துக்கு வருவோம். 2009இல் அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ், 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கிமீ வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. பழசில் ஆள் உட்காரும் கூண்டே நொறுங்கியது, ஸ்டியரிங் உள்ளே வந்தது; ஓட்டுநர் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக் கொண்டது, கூண்டு நின்றது. ஓட்டுநருக்குக் காலில் லேசான காயம் மட்டும்தான் பட்டிருக்கும். நீங்கள் "தகர டப்பா" என்கிறீர்களே, அது நசுங்குவது நமக்காக சார்!

புதுசு எல்லாம் உத்தமம் என்று சொல்லவில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் சோதித்த ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஐந்துமே பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜியம் வாங்கின. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள் அவை. 2023இல் பாரத் என்கேப் வந்துவிட்டது, ஸ்டார் பார்த்து வாங்கலாம்.

இனி என் தொழில். புதுக் காருக்கு வாகனக் கடன் கிடைக்கும். ஐம்பது வருஷ வண்டிக்கு பர்சனல் லோன்தான் வழி, வட்டி கூடும். இன்சூரன்ஸில் ஐந்து வருஷம் தாண்டிய வண்டியின் மதிப்பு நீங்களும் கம்பெனியும் பேசி முடிப்பது. ஆசைப்பட்டுக் கொடுத்த விலை அப்படியே திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். 2021இல் வந்த விண்டேஜ் விதியின்படி, அந்த வகையில் பதிவு செய்த வண்டியை தினசரி ஓட்டவும் முடியாது. அப்புறம் ஸ்கூலுக்கு எதில் கூட்டிப் போவீர்கள்?

மே மாதம் ஏசி இல்லாமல் கேபிஹெச்பி டிராஃபிக்கில் நிற்பதைப் பற்றி நான் எழுதவே இல்லை, கவனியுங்கள் :-)

புதுக் கார் வாங்கியபின் கையில் காசு மிஞ்சினால் ஹெரால்டும் வாங்குங்கள். ஞாயிறு காலை ஒரு ரவுண்டு, நானும் வருகிறேன். முன் சீட்டு எனக்கு.