அளவுகோலுக்குப் பணம் எங்கே?

காவிரியில் கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகதாது அணை வழக்கில் 2025 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பற்றி இந்த இதழ் என்ன எழுதப்போகிறது என்று உறுப்பினர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டின் மனு முன்கூட்டியே வந்துவிட்டது என்று நீதிமன்றம் முடித்து வைத்துவிட்டது. திட்ட அறிக்கையை மத்திய நீர் ஆணையம் பார்க்கும்போது நம் ஆட்சேபங்களையும், காவிரி மேலாண்மை ஆணையம், ஒழுங்காற்றுக் குழு ஆகியவற்றின் கருத்தையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இது நிபுணர்களின் வேலை, நீதிமன்றத்தின் வேலை அல்ல. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். 67.16 டி.எம்.சி. எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்துக்கு மேலே தேங்கினால் ஜூன், ஜூலையில் மேட்டூருக்கு என்ன ஆகும் என்று வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அணை கூடாது என்ற நம் நிலையில் மாற்றமில்லை. அதே சமயம், தொலைக்காட்சி விவாதங்களில் ஒலித்த அளவுக்கு ஒப்பாரி வைக்கவும் இதில் ஒன்றுமில்லை.

நமக்குத் தைத்தது வேறு. நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்களாம். பார்க்கட்டும். எந்த எண்ணை வைத்துப் பார்ப்பார்கள்? அந்த எண்ணை எடுக்கிறவருக்கு எந்தத் தலைப்பில் சம்பளம் வருகிறது?

காவிரி மேலாண்மை ஆணையத்தை அமைத்த 2018 ஜூன் 1 அரசிதழை எடுத்துப் பாருங்கள். மூன்று மாநிலங்களும் ஒரு யூனியன் பிரதேசமும் நூறு ஆண்டுக்கு மேல் மல்லுக்கு நின்ற நதியைச் சமாதானமாக நடத்த ஓர் ஆணையம். அதைத் தொடங்கி வைக்க மத்திய அரசு ஒதுக்கியது 2 கோடி ரூபாய். அதற்குமேல் ஆகும் செலவைத் தமிழ்நாடும் கர்நாடகமும் தலா 40, கேரளம் 15, புதுச்சேரி 5 விழுக்காடு என்று பகிர்ந்துகொள்ள வேண்டும். இன்னொரு பக்கம், நம் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி முதல் 222ஆவது படைப்பிரிவின் சுகோய் விமானங்கள் நிற்கின்றன. அதே ரகத்தில் இன்னும் 12 விமானங்கள் வாங்க 2024 டிசம்பரில் ஒப்பந்தமானது, சுமார் 13,500 கோடி ரூபாய்க்கு. உடன் வரும் கருவிகளையும் சேர்த்து ஒரு விமானம் ஆயிரம் கோடிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வல்லம் பக்கம் வயல் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் அது போனால் பேச்சை நிறுத்தித்தான் ஆக வேண்டும். திரும்பப் பேசத் தொடங்கும் விஷயம் பெரும்பாலும் புது ஆற்றில் ஏன் தண்ணீர் குறைந்தது என்பதாகத்தான் இருக்கும்.

விமானத் தளத்தை மூடு என்று எழுதும் இதழ் அல்ல இது. நம் உறுப்பினர் வீடுகளிலேயே பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் உண்டு. கேட்பது விகிதத்தை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி. உலகக் கணக்கும் இதே லட்சணம்தான். 2024இல் நாடுகள் படைக்குச் செலவிட்டது 2.7 லட்சம் கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனம். ஐ.நா. அமைதிப்படைக்கு 2024-25இல் அனுமதியானது 560 கோடி டாலர். ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு.

சமாதானம் என்றால் வெள்ளைப் புறா விடுகிற வேலை என்று நிதித்துறையில் நினைக்கிறார்கள் போலும். நம் நீர்வளத் துறைக்குத் தெரிந்த சமாதானம் இரண்டு தரப்புப் பொறியாளர்கள் ஒரே கேஜை, அதாவது நீர்மட்ட அளவுகோலை, பார்த்து ஒரே எண்ணை எழுதுவது. 1924 காவிரி ஒப்பந்தத்தின் விதிகள் மேலணையில் எந்த அளவு நீர் நின்றால் கிருஷ்ணராஜசாகரில் தேக்கலாம் என்று ஓர் அளவுகோலின் மேல்தான் எழுப்பப்பட்டன. சிந்து நதியிலும் அப்படியே. 1960இல் ஒப்பந்தமான நாளிலிருந்து இந்திய, பாகிஸ்தான் ஆணையர்கள் இருவரும் நீர் அளவுகளைப் பரிமாறிக்கொண்டார்கள். 1965, 1971, 1999 போர்களிலும் அந்த ஒப்பந்தம் நின்றது. பஹல்காம் கொடுமைக்குப் பிறகு 2025 ஏப்ரல் 23 அன்று அது நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த முடிவு சரியா தவறா என்று சொல்ல நமக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆறு தசாப்தங்களுக்கு மேல் அந்த ஆணையர் அலுவலகங்களை நடத்த ஆன செலவை யாராவது கூட்டிப் பார்த்திருக்கிறார்களா என்பது மட்டும் நம் கேள்வி. ஒரு விமானத்தின் இறக்கைக்காவது வருமா?

காவிரியில் சண்டைக்கு ஆன செலவை மறந்துவிடுகிறோம். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் பெங்களூர் எரிந்தது. 2016 செப்டம்பர் 12 அன்று மறுபடி பேருந்துகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு, ஊரடங்கு, மத்தியப் படை. 2023இலும் தண்ணீர் இல்லை. மேட்டூர் ஜூன் 12 திறந்து அக்டோபர் 10 மூடப்பட்டது, குறுவை கருகியது, அதை யாரும் மறைக்க வேண்டாம். பெங்களூரில் பந்த் நடந்தது, ஆனால் 2016 போல எரியவில்லை. ஒழுங்காற்றுக் குழு கூடியது, அளவு அறிவித்தது, இரு தரப்பும் திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி கூட்டத்துக்குப் போயின. ஆணையம் இருந்ததற்கும் ஊர் எரியாமல் இருந்ததற்கும் தொடர்பு உண்டு என்பது நம் கணிப்பு. பற்றாக்குறைக் காலப் பங்கீட்டு முறையை இன்னும் வகுத்துக் கொடுக்கவில்லை என்ற குறை தனி.

2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்.ஜனகராஜன் முன்னின்று இரு மாநில விவசாயிகளை உட்கார வைத்த ‘காவிரிக் குடும்பம்’ இன்னும் பலருக்கு நினைவிருக்கும். நம் பக்கத்து விவசாயத் தலைவர் மன்னார்குடி ரங்கநாதன் அங்கே போனார், மண்டியாவின் விவசாயத் தலைவர் புட்டண்ணையா தரப்பினர் இங்கே வந்தார்கள். தங்கள் கண்ணால் கடைமடையைப் பார்த்தவர்கள் அதன்பிறகு பேசிய தொனியே வேறு. எந்த அரசாவது அதை ஒரு பட்ஜெட் தலைப்பாக்கி ஆண்டுதோறும் நடத்தியதா? இல்லை. புட்டண்ணையா 2018 பிப்ரவரி 18 அன்று காலமானார், தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து இரண்டு நாள் கழித்து.

இனி லஸ்கர் விஷயம், அதாவது ரெகுலேட்டரையும் கேஜையும் பார்த்துக்கொள்ளும் கடைநிலை ஊழியர் விஷயம். ‘ஆசிரியர் தொடங்கிவிட்டார்’ என்று வாசகர்கள் சிரிப்பது கேட்கிறது. சிரிக்கட்டும்.

காலை ஆறு மணி கேஜ் என்று நாம் அறிக்கையில் எழுதுகிறோமே, அது என்ன? கிளை ஆற்றுத் தலைப்பில் ஒரு மனிதர் படியில் இறங்கி, பாசியைக் காலால் தேய்த்து, பெயிண்ட் உரிந்த இலக்கத்துக்கு மேல் எத்தனை விரற்கடை தண்ணீர் என்று குனிந்து பார்ப்பது. அந்த எண் கேஜ் புத்தகத்தில் ஏறி, செக்‌ஷனுக்குப் போய், திருச்சிக்குப் போய், சென்னைக்குப் போய், டெல்லியில் மூத்த வழக்கறிஞர் வாயில் வருகிறது. டெல்டாக்காரர்கள் தண்ணீரைக் கடலில் விடுகிறார்கள் என்று கர்நாடகம் சொல்லும்போது அணைக்கரைக்கும் கடைமடை ஒழுங்கிகளுக்கும் உள்ள கணக்கைத்தான் நாம் காட்ட வேண்டும். அந்தக் கணக்கின் முதல் வரி லஸ்கர் கையெழுத்து.

அந்த லஸ்கர் இன்று எங்கே? ஓய்வு பெறப் பெற இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது. ஒருவர் பார்த்த ரெகுலேட்டரோடு இன்னும் மூன்றைச் சேர்த்து ஒருவரே பார்க்கிறார். ஒரு கேஜ் புத்தகத்தில் தொடர்ந்து சில நாட்கள் ஒரே அளவு, ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியிருந்ததை இந்த ஆசிரியர் பணிக்காலத்தில் கண்டிருக்கிறார். எழுதியவரைக் கோபிக்க முடியவில்லை. அவருடைய சைக்கிள் போக வேண்டிய தூரத்தைக் கணக்கிட்டால் அந்த அளவை எடுத்திருக்கவே முடியாது. நிரந்தர ஆள் கேட்டு அனுப்பிய கோப்பு, ‘நிதி நிலைமை கருதி’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினோம். மறுபடியும் அதே குறிப்பு, இந்த முறை தட்டச்சில்.

லஸ்கர் தண்ணீர் அளப்பவர் மட்டும் அல்லர். எந்த வயலில் சம்பா தூர் கட்டுகிறது, யார் ராத்திரி பலகை போட்டு அடைக்கிறார், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முறை விடும் வாரத்தில் தலைமடைக்கும் கடைமடைக்கும் நடுவில் நிற்பவர் அவர். அவர் இல்லாத தலைப்பில் இரண்டாவது ராத்திரி கைகலப்பு, மூன்றாவது நாள் கரையில் போலீஸ் வேன், சாமியானா, பொட்டலச் சாப்பாடு. அந்தச் செலவு உள்துறைக் கணக்கில் ஏறுகிறது. லஸ்கர் சம்பளம் நீர்வளத் துறைக் கணக்கில் மிச்சமாகிறது. மிச்சப்படுத்திய அலுவலருக்குப் பாராட்டு, வேனுக்கு டீசல் போட்டவருக்குக் கேள்வி இல்லை. இரண்டு கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் கிடையாது. டெல்லியிலும் இதே கதைதான். ஆணையத்துக்குக் கொடுக்காத பணம் ஒரு அமைச்சகத்தில் சேமிப்பு, ஊர் எரிந்தால் படை அனுப்பும் பணம் இன்னொரு அமைச்சகத்தில் தவிர்க்க முடியாத செலவு.

தானியங்கி மானிகளும் தொலை அளவீடும் வந்துவிட்டால் ஆள் எதற்கு என்கிறார்கள். வரட்டும், வரவேற்போம். வண்டல் ஏறிய உணரியைச் சுத்தம் செய்யவும், அது தப்பாகக் காட்டுகிறது என்று சொல்லவும் அந்தப் படியில் ஒருவர் இறங்கத்தான் வேண்டும். மேகதாது அறிக்கையை நிபுணர்கள் பரிசீலிக்கும் நாளில் கர்நாடகம் தன் எண்களோடு வரும். நாம் ஒரே மையில் எழுதிய புத்தகத்தோடு போவதா?

ஆகவே நிலைப்பாடு இது. தமிழ்நாடு அரசு வழக்குச் செலவுக்கு ஒதுக்குவதைக் குறைக்க வேண்டாம். அதோடு மேலணையிலிருந்து கடைமடை வரை கேஜ் வாசிப்புக்கும் லஸ்கர் பணியிடங்களுக்கும், இரு மாநில விவசாயிகள், பொறியாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் பாசனப் பகுதியை மற்றவர் பார்ப்பதற்கும் தனித் தலைப்பில் நிதி வேண்டும். மேலாண்மை ஆணையத்துக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் தன் பங்கைத் தர வேண்டும், தொடக்க நிதியோடு கை கழுவக் கூடாது. கோரிக்கை மனுவுக்கு ஆதாரம் வேண்டும். எனவே உறுப்பினர்கள் தத்தம் செக்‌ஷனில் உள்ள ரெகுலேட்டர்கள், இலக்கம் தெரியாமல் போன அளவுகோல்கள், காலியான லஸ்கர் இடங்கள், அவை எந்த ஆண்டிலிருந்து காலி என்ற விவரம் ஆகியவற்றைப் பொங்கலுக்குள் எழுதி அனுப்ப வேண்டுகிறோம். மேலதிகாரி கையொப்பம் தேவையில்லை. அதற்காகக் காத்திருந்தால் மேட்டூர் திறக்கும் அடுத்த ஜூன் 12 வந்துவிடும்.