சுண்டுவிரல் நகம் அளவு

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வீட்டில் கிடைத்த பரிசு, முழங்காலுக்குப் போடும் பட்டை. கிண்டல் இல்லை, அக்கறைதான். மாடி ஏறும்போது நான் முனகுவது கீழ்வீடு வரை கேட்கிறதாம். பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் மெர்லீன் ஓட்டி ஞாபகத்துக்கு வந்தார். 2010 ஜூலை 31 அன்று பார்சிலோனாவில் ஐரோப்பிய தடகளப் போட்டி. 4x100 மீட்டர் ரிலேயில் ஸ்லோவேனியாவுக்காகக் கடைசி ஆளாகக் கோலை வாங்கிக்கொண்டு பறந்தார். அப்போது அவருக்கும் வயது 50. அணி ஏழாவதாக வந்தது, இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அவர் தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கி அன்றைக்கு முப்பது வருஷம் ஆகியிருந்தது.

பிறந்தது 1960ல், ஜமைக்காவின் ஹனோவர் வட்டாரத்தில். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்காரர் டான் குவாரி ஓடியதை ரேடியோவில் கேட்ட பெண்ணுக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது. (பெயரிலேயே ஓட்டம் இருக்கிறது, தமிழ்ப் பெயர் இல்லையே என்றுதான் வருத்தம்.) நான்கே வருஷத்தில், 1980 மாஸ்கோவில், 200 மீட்டரில் வெண்கலம். ஆங்கிலம் பேசும் கரீபிய நாடுகளிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

1984 லாஸ் ஏஞ்சலஸில் 100 மீட்டரில் வெண்கலம், 200 மீட்டரிலும் வெண்கலம். அதே ஒலிம்பிக்கில்தான் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வினாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அந்த நூறில் ஒரு பங்கை நாற்பது வருஷமாக நாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறோம். கையில் வெண்கலம் வாங்கி வந்தவருக்கோ பட்டப்பெயர் காத்திருந்தது: ‘வெண்கல ராணி’. பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட குறும்புக்குக் குறைவே கிடையாது.

1992 பார்சிலோனா 100 மீட்டர் இறுதி ஓட்டத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் வந்த அமெரிக்காவின் கெயில் டெவர்ஸுக்கு 10.82 வினாடி, ஐந்தாவதாக வந்த ஓட்டிக்கு 10.88. நடுவில் மூன்று பேர். கண் இமைப்பதற்குள் ஐந்து பேரும் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். இதில் ஐந்தாவது இடம் என்பதற்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

அடுத்த வருஷம் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டி. மறுபடி டெவர்ஸ், மறுபடி ஓட்டி. இருவருக்கும் 10.82. படத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு. முடிவுக் கோட்டுக்கு நேராக ஒரு கேமரா வைத்திருப்பார்கள். அது மைதானத்தைப் பார்ப்பதில்லை. அந்தக் கோட்டை மட்டும் மெல்லிய கீற்றுக் கீற்றாக எடுத்து வரிசையாக ஒட்டிக் கொடுக்கும். அதனால் படத்தில் ஆட்கள் கோணல்மாணலாக, பாதம் படகு மாதிரி நீண்டு தெரிவார்கள். தலை முந்தியதா, கை நீண்டதா என்பதெல்லாம் கணக்கில் வராது. கழுத்துக்குக் கீழே நெஞ்சும் வயிறுமான உடம்பு தொட வேண்டும். ஓட்டி ஆயிரத்தில் ஒரு பங்கு பின்தங்கியிருந்தார். அந்த வேகத்தில் அது ஒரு சென்டிமீட்டர், என் சுண்டுவிரல் நகத்தின் அகலம். பதக்க மேடையில் அவர் ஏறியபோது கூட்டம் எழுந்து நின்று நிமிஷக் கணக்கில் கைதட்டியது. சில நாளில் அதே மைதானத்தில் 200 மீட்டரில் தங்கம் வாங்கினார். 33 வயதில், உலகப் போட்டியில் தனி ஓட்டத்தில் அவருக்குக் கிடைத்த முதல் தங்கம்.

1996 அட்லாண்டாவில் இதே கதை திரும்ப நடந்தது. இருவருக்கும் 10.94. இந்த முறை வித்தியாசம் ஆயிரத்தில் ஐந்து பங்கு, சுமார் 5 சென்டிமீட்டர். ஓடுதளத்தில் போடும் வெள்ளைக் கோட்டின் அகலமே அவ்வளவுதான். ஜமைக்கா முறையிட்டது, தள்ளுபடியானது. டெவர்ஸைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தைராய்டு நோயால் காலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போய் மீண்டு வந்தவர் அவர்.

2000 சிட்னி விவகாரத்தில் மட்டும் என்னால் முழுதாக ஓட்டி பக்கம் நிற்க முடியவில்லை. முந்தைய வருஷம் ஊக்கமருந்துப் புகாரில் தடைபட்டு, பிறகு குற்றமற்றவர் என்று தடை நீங்கி வந்திருந்தார். ஜமைக்காவின் தேர்வுப் போட்டியில் 100 மீட்டரில் நான்காவதாகத்தான் வந்தார். முதலில் வந்த இளம்பெண்ணை நிறுத்திவிட்டு ஓட்டியைச் சேர்த்தார்கள். ஒலிம்பிக் கிராமத்திலேயே சக வீரர்கள் போராட்டம் நடத்தினார்கள். அந்தப் பெண் என் மகளாக இருந்திருந்தால் நானும் போய்க் கத்தியிருப்பேன். ஓடியதில் ஓட்டி நான்காவது, மூன்றாம் இடத்துக்கு நூறில் ஒரு பங்கு பின்னால். ரிலேயில் வெள்ளி கிடைத்தது. பிறகு, முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007ல் ஒப்புக்கொண்டார். 2009 கடைசியில் சிட்னி வெண்கலம் ஓட்டிக்கு வந்து சேர்ந்தது. 40 வயதில் ஓடியதற்கு 49 வயதில் பதக்கம்! அதோடு ஒலிம்பிக் பதக்கம் மொத்தம் ஒன்பது. தங்கம் ஒன்றுகூட இல்லை.

சொந்த ஊர்க் கசப்பு ஒரு பக்கம், பயிற்சிக்காக ஏற்கெனவே ஸ்லோவேனியாவில் தங்கியிருந்தது இன்னொரு பக்கம். 2002ல் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினார். 2004 ஏதென்ஸில் 44 வயதில் 100 மீட்டர் அரையிறுதி வரை ஓடினார். அது அவருடைய ஏழாவது ஒலிம்பிக். 2010ல் அவர் ரிலே ஓடிய பார்சிலோனா மைதானம், 1992ல் அவரை ஐந்தாவதாக நிறுத்திய அதே மோன்ட்ஜுயிக் குன்று மைதானம்தான். 2012ல் ஹெல்சின்கியில் 52 வயதில் மறுபடி ஓடினார். எனக்கு அந்த வயதுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, முழங்கால்பட்டையோடு.

பட்டப்பெயர் வைத்தவர்களுக்கு ஒரு தகவல். 1993 பிப்ரவரியில், பிரான்ஸின் லியேவின் உள்ளரங்கில், ஓட்டி 200 மீட்டரை 21.87 வினாடியில் ஓடினார். பெண்கள் உள்ளரங்கு 200 மீட்டரில் உலக சாதனை இன்றும் அதுதான்.