மதிலுக்குள் அடங்குமோ மழை?

தோழரே,

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளாயிற்றே என்று எண்ணாமல், கிண்டியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலை வழியே பிள்ளைப்பாக்கம் வரை என்னுடன் வாருங்கள். ஆலைகளைக் காட்ட அழைக்கவில்லை. அவற்றின் புகழ் பாடப் பலர் உளர். ஏரியைக் காட்டவே அழைக்கிறேன்.

இந்த ஏரி நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கம் சேரும். செம்பரம்பாக்கத்தின் மதகு திறந்தால் அந்நீர் அடையாற்றில் பாயும். அடையாறோ சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் தொட்டுக்கொண்டு கடலைத் தேடும். அந்த ஆற்றுக்கு அருகேதான் அண்ணா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1959-இல் கிண்டிக் காட்டைப் பிரித்துத் தொடங்கிய ஐ.ஐ.டி.யும் இருக்கிறது. பிள்ளைப்பாக்கத்து ஏரிக்கும் பட்டதாரியின் படிப்புக்கும் என்ன உறவு என்று வினவுவோர், இந்த நீரின் வழியே நடந்து பார்க்கட்டும்!

2015 டிசம்பரை மறந்திருக்கமாட்டீர்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது. கோட்டூர்புரத்திலே குடிசையும் மூழ்கிற்று, மாளிகையின் கீழ்த்தளமும் மூழ்கிற்று. நான்கே ஆண்டுகள் கழிந்தன. 364 கோடி கன அடிக்கு மேல் கொள்ளக்கூடிய அதே ஏரி, 2019 ஜூனில் வறண்டு வெடித்துக் கிடந்தது. பெய்தால் வெள்ளம், பொய்த்தால் வெடிப்பு! காலநிலை மாற்றம் என்று அறிஞர் உரைப்பது, நம் வீட்டுக் குடத்திலே தெரிந்த காலம் அது.

அதே 2019-இல்தான் பல்கலைக்கழக மானியக் குழு, பசுமை வளாகங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. 'நாக்' தரமதிப்பீட்டிலும் மழைநீர் சேமிப்புக்கும் மாற்று மின்சாரத்துக்கும் பசுமைத் தணிக்கைக்கும் இடம் உண்டு. நல்ல ஏற்பாடுதான், மறுப்பார் யார்? ஆனால், ஏற்பாடு எவ்விதம் ஏட்டோடு நின்றுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். கூரையிலே சூரியத் தகடு, வாயிலிலே பசுமைப் பலகை, வரவேற்பறையிலே கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ்! விடுதியின் பின்புறத்திலோ தண்ணீர் லாரி! அந்த லாரி எந்தக் கிராமத்தின் ஆழ்துளைக் கிணற்றை உறிஞ்சி வந்தது? குளித்த நீரும் கழிவறை நீரும் எந்த வாய்க்காலைத் தேடிப் போகின்றன? வளாகத்தின் கணக்கு மதிலோடு முடிகிறது. தண்ணீரின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

'கற்பிப்பது எங்கள் கடமை. ஏரி நீர்வளத் துறையின் கவலை' என்று மொழிவோர் உண்டு. தாம்பரத்தைக் காட்டுகிறேன் அவர்களுக்கு. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி அங்கே குடிபெயர்ந்தபோது, எட்வர்டு பார்ன்ஸ் என்ற பேராசிரியரும் அவர் துணைவியார் ஆலிசும் அந்த நிலத்தில் மரங்களை நட்டு வளர்த்தனர். அவர் கற்பித்ததோ வேதியியல்! மரம் நடுவது என் பாடத்தில் இல்லை என்று அவர் இருந்துவிடவில்லை. அதுவும் மதிலுக்குள் நடந்த பணிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், புறநகர் முழுதும் கட்டடமாகிவிட்ட இந்நாளில் அந்தப் புதர்க்காடு இன்னும் நிற்கிறதன்றோ!

ஏரியைத் தூர்வாரத் துறையின் இசைவு வேண்டும், உண்மை. வரத்துக் கால்வாயை அளந்து படம் வரைய யாருடைய இசைவு வேண்டும்? இந்தத் தொழிற்பகுதியைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் பல. மட்டம் பார்க்கும் கருவி அவற்றில் இருக்கிறது. ஆண்டுதோறும் மாணவர் அதைத் தூக்கிச் சென்று விளையாட்டுத் திடலை அளக்கிறார்கள், அளந்த திடலையே மீண்டும் அளக்கிறார்கள்! ஒரே ஓர் ஆண்டு ஏரிக்கரைக்கு அனுப்பினால் என்ன கெட்டுவிடும்?

இன்னொன்றும் கேட்கவேண்டும். வளாகத்துத் திட்டக்குழுவிலே பேராசிரியர் இருக்கிறார், பொறியாளர் இருக்கிறார். தண்ணீர் வராத நாளில் கழிவறை கழுவ வாளி சுமக்கும் தூய்மைப் பணியாளர் இருக்கிறாரா? கத்திரி வெயிலில் வாயிலில் நிற்கும் காவலாளி இருக்கிறாரா? அடுப்பின் அனலில் ஆயிரம் பேருக்குச் சோறு வடிக்கும் அம்மையார் இருக்கிறாரா? வெப்பத்தின் அளவை இவர்கள் உடல் அறியும்; குளிரூட்டிய அறையில் கூடும் குழு அறியாது.

ஆகவே தோழரே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒருநாள் பிள்ளைப்பாக்கத்துக் கலங்கலருகே சென்று நில்லுங்கள். எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்தது, எது எதனடியில் மறைந்தது என்று ஊர்ப் பெரியவரைக் கேட்டு எழுதுங்கள். எழுதிய தாளின் ஒரு படியை ஊராட்சித் தலைவரிடமும், மறுபடியை அருகிலுள்ள கல்லூரி முதல்வரிடமும் கொடுத்துக் கையொப்பம் பெற்று வாருங்கள்.