தோளில் ஒரு துண்டு

சென்ற ஞாயிறன்று கூமாப்பட்டியில் நல்ல மழை. வீட்டுக்குள் அடைபட்ட சிறுவர்களுக்கு, 1941-ல் வெளிவந்த 'சூப்பர்மேன்' சித்திரப் படத்தின் முதல் அத்தியாயத்தைப் போட்டுக் காண்பித்தோம். பிளெய்ஷர் சகோதரர்கள் சுமார் 50,000 டாலர் செலவிட்டுத் தயாரித்தது. ஓடுவதோ பத்து நிமிஷம்தான்! பித்தேறிய விஞ்ஞானி ஒருவன் கதிரை ஏவிப் பத்திரிகாலயத்தின் மாளிகையைச் சாய்க்கிறான். வீரன் அதைத் தாங்கி நிமிர்த்தி, கதிரையும் கைமுஷ்டியால் குத்தித் தள்ளுகிறான். பிறகு பழையபடி, மூக்குக்கண்ணாடி அணிந்த சாது நிருபனாக அதே காரியாலயத்தில் வந்து நிற்கிறான்.

படம் முடிந்ததுதான் தாமதம், தோளில் துண்டைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் திண்ணையிலிருந்து குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். நமக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒருவன் மட்டும் குதிக்கவில்லை.

"காப்பாத்தினது தான்தான்னு அவர் ஏன் சார் சொல்லலை?" என்று கேட்டான்.

நாம் பதில் யோசிப்பதற்குள், "எங்க தாத்தாவும் சொல்ல மாட்டார்" என்றான்.

அவர் கண்மாய் நீர்ப்பாய்ச்சி. மழை இரவில் ஊர் உறங்கும்போது கரையையும் மடையையும் பார்த்து வருகிறவர். இத்தனை வருஷமாக இவ்வூரில் வசிக்கும் நாம், அந்தப் பெரியவரின் பெயரை அன்றுதான் விசாரித்தோம்.