மாலை வாடிய மறுநாள்

அலுவலகத்தில் பிரிவு உபசார விழா முடிந்தது. மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். குரூப் போட்டோ எடுத்தார்கள். "இவரைப் போல ஒருவர் இனிக் கிடைக்கமாட்டார்" என்று மேலதிகாரி பேசினார். காரில் ஏற்றி, வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

மறுநாள் காலை 5 மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. குளித்தார். சாப்பிட்டார். மணி ஒன்பது. எங்கே போவது?

பத்திரிகையை எடுத்தார். வரி விளம்பரம் வரை படித்து முடித்தார். மணி பத்துதான் ஆகியிருந்தது! மெல்லச் சமையல்கட்டுப் பக்கம் வந்தார். "பொரியலுக்கு இவ்வளவு எண்ணெயா?" என்று கேட்டார்.

"முப்பது வருஷமாக இதைத்தானே சாப்பிட்டீர்கள்?" என்றாள் மனைவி.

அன்று தொடங்கியது சண்டை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. மாதம்தோறும் பல வீடுகளில் நடப்பது.

தமிழக அரசு ஊழியர்கள் முன்பு 58 வயதில் ஓய்வு பெற்றார்கள். 2020-ல் அது 59 ஆயிற்று. 2021-ல் 60 ஆயிற்று. அறுபதிலும் பலருக்குக் கை கால் திடமாகவே இருக்கிறது. இன்னும் பதினைந்து, இருபது ஆண்டு வாழப்போகிறவர் திண்ணையில் உட்கார்ந்து என்ன செய்வார்? "கோவிலுக்குப் போங்கள்" என்கிறார்கள். கோவிலில்தான் எவ்வளவு நேரம் இருக்க முடியும்?

ஓய்வுக்குப் பின் ஐயர்

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாத ஐயர் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். 1919-ல் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 64. சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை எல்லாம் அதற்கு முன்பே அச்சேறிவிட்டன. "போதும்" என்று அவர் சாய்வு நாற்காலியில் படுத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

அவர் படுக்கவில்லை. 1924-ல் பெருங்கதையைப் பதிப்பித்தார். அதே ஆண்டு சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். குறுந்தொகையை 1937-ல் வெளியிட்டார். அப்போது வயது 82! 1940-ல் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். அதை முடிக்கும் முன்பே 1942-ல் காலமானார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏடு தேடும் வேலையை அவர் ஓய்வு பெற்ற பிறகு புதிதாகத் தொடங்கவில்லை. சம்பளம் வாங்கிய காலத்திலேயே அது அவரோடு இருந்தது. சம்பளம் நின்றது, அந்த வேலை நிற்கவில்லை. ஆபீசைத் தவிர வேறொன்றும் அறியாதவருக்குத்தான் ஒன்பது மணி பயமாக இருக்கிறது.

எல்லோரும் ஐயர் ஆக முடியுமா? முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. தாலுகா அலுவலகத்தில் முப்பது ஆண்டு எழுத்தராக இருந்தவருக்கு ஒரு வித்தை தெரியும். எந்த மனுவை எந்த மேஜையில் கொடுக்க வேண்டும், எந்த நகலை இணைக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாமல் ஒரு பாட்டி நாலு முறை நடக்கிறாள். அவர் பத்து நிமிடத்தில் எழுதித் தரலாம். ஆனால் அதற்குக் கை நீட்டிக் காசு வாங்கினால் அவரும் ஒரு தரகர்தான்!

பொழுதும் வயிறும்

இன்னொரு கூட்டமும் உண்டு. மில்லிலும் கம்பெனியிலும் உழைத்து ஓய்ந்தவர்கள். வைப்புநிதித் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்தார்கள். ஆயிரம் ரூபாயில் அரிசி வாங்குவதா, மருந்து வாங்குவதா? அந்தத் தொகையை நம்பி இருக்கும் முதியவரிடம் போய், "பொழுதை நல்லபடியாகக் கழியுங்கள்" என்று உபதேசம் செய்வது கேலி. அவர் இரவுக் காவலுக்குப் போகிறார். "கிழவர்தானே" என்று கூலியைக் குறைக்கிறார்கள். இது அநியாயம்.

சரி, சமையல்கட்டில் நிற்கும் அம்மாளுக்கு எப்போது ஓய்வு? அவளுக்கு 58-ம் இல்லை, 60-ம் இல்லை. மாலை போட்டவரும் இல்லை. எண்ணெய்க் கணக்குப் பார்த்தவர் ஒரு வாரம் கழித்து அதே வாசற்படியில் வந்து நின்றார்.

"முருங்கைக்காயை நறுக்கித் தரட்டுமா?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "முதலில் நீங்கள் காபி குடித்த டம்ளரைக் கழுவி வையுங்கள்" என்றாள்.

கழுவி வைத்தார்.