திரையைப் பூட்டினால் சத்தமும் அடங்க வேண்டாமா?

மறைமலை நகர், ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் ஓர் அறையில் மூன்று, நான்கு பேராகத் தங்குவது வழக்கம். நைட் ஷிஃப்ட் முடித்து ஒருவர் தூங்குவார். இன்னொருவர் லேப்டாப்பில் வீடியோ பார்ப்பார். டீ குடிக்கப் போகும்போது திரையை லாக் செய்துவிட்டுப் போவார். படம் மறைந்துவிடும், சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ்வேர்டு தெரியாததால் அறையில் இருப்பவரால் திரையைத் திறக்கவும் முடியாது. ‘பூட்டியாச்சே, அப்புறம் எப்படிப் பேசுது?’

ஏன் இப்படி?

லினக்ஸில் திரையைப் பூட்டுவது க்னோம், கேடிஇ போன்ற டெஸ்க்டாப்பின் வேலை. ஒலியைக் கவனிப்பது பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ. பூட்டு விழுந்ததை இது அதனிடம் சொல்வதில்லை. பூட்டினாலும் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்; அதனால்தான் டவுன்லோடு பாதியில் நிற்பதில்லை.

என்ன வழி?

திரை பூட்டப்பட்டதும் டெஸ்க்டாப், டி-பஸ் என்கிற உள் தகவல் பாதையில் ஓர் அறிவிப்பை அனுப்புகிறது. அதைக் கேட்டதும் ஒலியை மியூட் செய்ய, சில வரி ஸ்கிரிப்ட் போதும். ஆனால், மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

• பூட்டும் முன்பே மியூட்டில் இருந்ததா என்று ஸ்கிரிப்ட் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், திரையைத் திறந்ததும் ஸ்பீக்கர் தானாக அலறும்.

• மியூட் என்பது ஒவ்வொரு ஒலிக் கருவிக்கும் தனித்தனி. புளூடூத் ஹெட்செட்டை மட்டும் மியூட் செய்தால், அது அணைந்ததும் ஒலி லேப்டாப் ஸ்பீக்கருக்குத் தாவும். எல்லாவற்றையும் மியூட் செய்வதே சரி.

• ஸ்பீக்கரை அடக்கினால் மைக் அடங்காது. ஆன்லைன் மீட்டிங்கில் இருந்தால் உங்கள் அறைப் பேச்சு அங்கே கேட்கும்.

யார் செய்ய வேண்டும்?

ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவருக்கு மட்டும் இந்த வசதி என்பது நியாயமில்லை. லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. லாக் செய்துவிட்டுப் பாட்டுக் கேட்பவர்களும் உண்டு. அதனால் கட்டாயம் வேண்டாம். ‘பூட்டும்போது ஒலியை நிறுத்து’ என்று செட்டிங்ஸில் ஒரு பொத்தான், தமிழிலேயே இருந்தால் போதும். பாஸ் போன்ற நம்மூர்த் தயாரிப்புகள் இதில் முந்திக்கொள்ளலாம். பகலில் தூங்கியே ஆகவேண்டிய தொழிலாளிக்கு இது சின்ன விஷயமில்லை.